தாடியில் ஒட்டாத மாஸ்க்

பஸ்ரா, ஜூன் 3

ஃபக்ரியா அக்காவுக்கு ஸலாம்.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு. என் நம்பரை நீ போனில் அடைத்துவிட்டாய். சபீஹாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். அமாரா லைனில் மினிபஸ் ஓட்டுகிற ஹனூனிடம் கொடுத்து, உன் பள்ளிக்கூட ஆபீஸில் உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு அனுப்பினால் மச்சானின் அண்ணன் ஷாக்கிர் கண்ணில் படும். பட்டால் உனக்கும் தொல்லை, எனக்கும் தொல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வியாதி இருக்கிறதாம். விபத்துக்கு அப்புறம் என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள் அல்லவா, அன்றிலிருந்து மினிபஸ்கள் கிளம்புகிற கராஜில் உட்கார்ந்து எந்த வண்டி முதலில், எந்த வண்டி அடுத்தது என்று வரிசை எழுதுகிறேன். எழுதிக்கொண்டே தூங்கிவிடுகிறேன். பயல்கள் என் இரண்டு செருப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டு, "வண்டி வந்திடுச்சு ஹஜ்ஜி!" என்று கத்துவார்கள். எழுந்தால் விழுவேன், அவர்கள் சிரிப்பார்கள். போன மாதம் அப்படி விழுந்து நெற்றி பிளந்தபோதுதான் சபீஹா என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை கட்டித் தூங்கச் சொன்னார்கள். தூங்குவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்! மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "குறட்டை எவ்வளவு நாளா?" என்று கேட்டார். "கல்யாணம் ஆன அன்னிக்கே ஆரம்பிச்சது டாக்டர், இருபத்திரண்டு வருஷம்" என்றாள் சபீஹா. தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஐம்பத்து மூன்று தடவை எனக்கு மூச்சு நின்றுபோகிறதாம். ஒரு தடவை எழுபது வினாடி நின்றிருக்கிறது. தொண்டைச் சதை மூடிக்கொள்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, மறுபடி மூடிக்கொள்கிறது. அதனால் இரவு முழுக்கப் படுத்தும் நான் தூங்கியதே இல்லையாம். இருதயம் வீங்கியிருக்கிறது. இப்படியே விட்டால் ஒரு நாள் நின்ற மூச்சு நின்றதுதான் என்றார்.

இதற்கு மாத்திரை கிடையாது. காற்றை அழுத்தி ஊதுகிற ஒரு மெஷின் இருக்கிறது, சிபேப் என்கிறார்கள். முகத்தில் மாஸ்க் மாட்டி அதோடு படுக்க வேண்டும். மாஸ்க் தோலோடு அப்பிக்கொண்டிருந்தால்தான் காற்று உள்ளே போகும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல இந்தத் தாடியை எடுங்க" என்றார்.

அக்கா, அவருக்கு எப்படித் தெரியும்? மச்சானின் துக்கப் பந்தலில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேனே: "என் கண்ணு அசந்ததாலதான் ராதி போனார். என் அக்கா ஃபக்ரியா தன் வாயால சொல்றவரைக்கும் என் முகத்துல கத்தி படாது." பதினாலு மாதம் ஆகிவிட்டது. தாடி மார்பில் கிடக்கிறது.

ஒரு வார்த்தை சொல்.

(மேலே ஓரிடத்தில் பேனா கோணலாக இழுத்திருக்கும். தூங்கிவிட்டேன்.)

தம்பி என்று போடலாமா தெரியவில்லை.
ஜாசிப்

*

அமாரா, ஜூன் 9

ஜாசிப்,

உன் ஹனூன் ஆபீஸில் இருபது பொம்பளைகளுக்கு நடுவில் வந்து நின்று, "உங்க தம்பி கொடுத்தனுப்பினார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான். அறிவுகெட்டவன். அடுத்த தடவை வாசல் காவலாளியிடம் கொடுக்கச் சொல். அடுத்த தடவை என்று ஒன்று இருந்தால்.

வாய் கூசாமல் கேட்டிருக்கிறாய். உனக்குத் தூக்கமே இல்லையாம்! ஜாசிப், நான் பதினாலு மாதமாக எந்த நேரத்தில் படுக்கிறேன், எப்போது எழுகிறேன் என்று ஒரு ஆள் கேட்டதுண்டா? எனக்கு யார் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள்?

ஐம்பத்து மூன்று தடவை உனக்கு மூச்சு நின்றது. ஐம்பத்து மூன்று தடவையும் திரும்பி வந்தது. ராதிக்கு ஒரே தடவைதான் நின்றது.

அந்தச் சத்தியத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். நம் ஆட்களும் ராதியின் ஆட்களும் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஷேக் வந்தார். கசப்புக் காப்பி சுற்றி வந்தது. ஒரு மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் பைசல் பண்ணி, ஒருத்தர் தோளில் ஒருத்தர் முத்தம் கொடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். "ஃபக்ரியா என்ன சொல்றா?" என்று ஒரு நாய் கேட்கவில்லை. என் புருஷன், என் தம்பி, என் வீடு. முடிவு மட்டும் அவர்களுடையது. அந்த நேரத்தில் நீ எழுந்து உன் தாடியை என் பெயரில் எழுதிவைத்தாய். மொத்த விஷயத்திலும் என் கைக்கு வந்தது அது ஒன்றுதான். அதையும் இப்போது மாஸ்க் மாட்ட வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறாய்.

அவர் தூங்கிக்கொண்டே போனார் அக்கா, தலையைச் சாய்த்து நல்ல தூக்கம், ஒன்றும் தெரியாமலே போய்விட்டார் என்று நீ அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னாய். அதை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன். இல்லாவிட்டால் எப்போதோ பைத்தியம் பிடித்திருக்கும்.

தாடி இருக்கட்டும்.

ஃபக்ரியா

*

பஸ்ரா, ஜூன் 15

அக்கா,

நீ எழுதியது எல்லாம் சரிதான்.

ஆனாலும் மெஷினை வாங்கிவிட்டேன். சபீஹா அவள் வளையலை விற்று வந்து நின்றாள், மறுக்க முடியவில்லை. டாக்டர்கள் தெருவில் ஒரு கடை. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், ரத்த அழுத்தம் பார்க்கிற டப்பா எல்லாம் தொங்கும். இந்த மெஷினுக்கென்றே இன்திஸார் என்று ஒரு பெண் இருக்கிறாள். முப்பது வயசு இருக்கும், வாய் ஐம்பது வயசு. "யாருக்கு மெஷின்? ஹஜ்ஜிக்கா? உக்காருங்க, ஆனா தூங்கிடாதீங்க. இங்க வர்ற எல்லாரும் தூங்கிடறாங்க" என்றாள்.

மூன்று மாதிரி மாஸ்க் வைத்தாள். ஒன்று மூக்குத் துளைக்குள் செருகுகிற குட்டி ரப்பர். தாடிக்காரர்களுக்கு அதுதான் தோதாம். மாட்டிவிட்டாள். எனக்கு மூக்கால் மூச்சே போகவில்லை. விபத்தில் எலும்பு உடைந்து கோணலாக ஒட்டிக்கொண்டது அல்லவா. "வாயாலதான் மூச்சு விடறீங்களா? அப்போ இது ஆகாது" என்று கழற்றினாள். இரண்டாவது மூக்கை மட்டும் மூடுவது. அதுவும் அதே கதி. மூன்றாவது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரியது. கையுறை போட்டுக்கொண்டு என் தாடியை ஒதுக்கி, பட்டைகளைப் பின்னால் இழுத்துக் கட்டி, சுவிட்சைப் போட்டாள். ஊஸ் என்று காற்று கன்னத்திலும் கழுத்திலும் பீறிட்டுக்கொண்டு போயிற்று. தாடி முழுக்க எழுந்து ஆடியது. கடையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது மாஸ்க்கா மீன் வலையா? உள்ள போற காத்தைவிட வெளிய வர்றது அதிகம். ஹஜ்ஜி, சவரம் பண்ணிட்டு நாளைக்கு வாங்க" என்றாள்.

"அவர் துக்கத்துல இருக்கார்மா. சத்தியம் பண்ணியிருக்கார்" என்றாள் சபீஹா.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அதற்கு மேல் ஒரு கேலி பேசவில்லை. இரண்டு கையாலும் மாஸ்க்கை என் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், மெஷின் ஓடட்டும், அது எப்படியிருக்கும் என்று இவர் தெரிந்துகொள்ளட்டும் என்று. அக்கா, தொண்டைக்குள் காற்று இறங்கியது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். "இருபது நிமிஷம்" என்றாள் சபீஹா. எனக்கு ஏதோ ஒரு வாரம் தூங்கியது மாதிரி இருந்தது.

மெஷினில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நம் பஸ்ரா உப்பு இரண்டே நாளில் படிந்துவிடும், வடித்த தண்ணீர்தான் என்று சொல்லி அனுப்பினாள். மாஸ்க் ஒரு தடவை முகத்தில் போட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். எனவே அதுவும் வீட்டில் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே படுத்துக்கொள்கிறேன்.

ஜாசிப்

*

அமாரா, ஜூன் 19

ஜாசிப்,

பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் சத்தியம் கழிந்துவிடும் என்று பள்ளிவாசல் சையிது உன்னிடம் சொன்னாராமே. ஊரெல்லாம் தெரிகிறது. போட்டுவிட்டு மழித்துக்கொள்ள வேண்டியதுதானே. என்னை எதற்கு நச்சரிக்கிறாய்?

வளையலை விற்ற கதையெல்லாம் எனக்கு எழுதாதே. என் வளையல்கள் பெட்டியில் சும்மாதான் கிடக்கின்றன. போட்டுக்கொண்டு யாருக்குக் காட்ட?

*

பஸ்ரா, ஜூலை 1

அக்கா,

பத்துத் தட்டுச் சோற்றோடு மேலே இருக்கிற ரப்பு என்னை விட்டுவிடலாம். ரப்பிடமா நான் சத்தியம் பண்ணினேன்? உன் பெயரைச் சொல்லிப் பண்ணினேன். உன்னைத் தாண்டிப் போய் அதைக் கழித்துக்கொண்டால் நான் மனுஷனே இல்லை.

சையிதுக்கு அடுத்தபடி சபீஹா ஆரம்பித்தாள். தாடியில் வாசலின் தடவி மாஸ்க்கை ஒட்டப் பார்த்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. துணியால் தாடியைச் சுருட்டி முகவாய்க்கு அடியில் கட்டினாள், ஊசி குத்திய பலூன் மாதிரி ஒரு பக்கம் காற்று சீறியது. போதாக்குறைக்குக் கரண்ட். அரசாங்கக் கரண்ட் போய் தெருவுக்குப் பொதுவான ஜெனரேட்டர் கரண்ட் வருவதற்குள் மெஷின் நின்றுவிடும். மூக்கும் வாயும் மூடியிருக்க, காற்று இல்லாமல் நான் துள்ளி எழுவேன். ஜூலை மாதத்தில் எத்தனை தடவை போகும் என்று உனக்குத் தெரியாததா?

போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் அசந்துவிட்டேன். கன்னத்தில் என்னவோ குளிர்ச்சியாகப் படவே கண் விழித்தேன். சபீஹா எதிரே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கன்னமெல்லாம் சோப்பு நுரை. கையில் கத்தி. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. தூக்கத்துல நான் எடுத்தா உங்க சத்தியம் உடையாது. பாவம் எனக்குத்தானே, நான் சுமந்துக்கறேன்."

"அக்கா சொல்லாம ஆகாது சபீஹா."

"உங்க அக்கா சொல்ல மாட்டாங்க! சொல்லணும்னா எப்பவோ சொல்லியிருப்பாங்க. உங்க சத்தியத்தோட சேர்த்து உங்களையும் நான் புதைக்கணுமா? ராத்திரி பூரா உங்க நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு? நின்னா தட்டி எழுப்பறேன். நான் அசந்துட்டா என்ன ஆகும்?"

கத்தியை எறிந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

இதை எழுதுவது உன்னை இளக வைக்க இல்லை. சபீஹா பெயரில் உனக்குக் கோபம் வர வேண்டாம் என்றுதான். அவள் என்ன செய்தாலும் பயத்தில் செய்கிறாள்.

நான் இனிமேல் கேட்கவும் மாட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே கூசுகிறது.

ஜாசிப்

*

அமாரா, ஜூலை 8

ஜாசிப்,

உன் பெண்டாட்டி நேற்று ஹனூன் வண்டியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். "அவருக்குத் தெரியாம வந்தேன் மதினி" என்றாள். தேர்வுத் தாள் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். "சொல்றதைச் சொல்லிட்டுக் கிளம்பு" என்றேன். அவள் போனை நீட்டினாள். நீ தூங்குவதைப் படம் பிடித்திருந்தாள்.

முழுசும் பார்த்தேன். மல்லாந்து கிடக்கிறாய். குறட்டை விடுகிறாய், திடீரென்று சத்தமில்லை. வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். நாற்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் தண்ணீரில் முங்கியவன் மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாய். மறுபடி முதலிலிருந்து. சபீஹா அழுதாள். நான் அழவில்லை. ராதியைக் கொன்ற தூக்கம் இதுதானா, இவ்வளவுதானா என்று பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஷாக்கிரிடமோ, பெற்ற பெண் ரஜாவிடமோ நான் இதைச் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ராதி பாஸ்போர்ட் வேலையாக முந்தின நாள் வந்தவர் உன் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் போன் பண்ணினேன். "ஒரு மணி நேரம் படுத்துட்டுக் கிளம்பறோம் அக்கா, கண்ணு சொக்குது" என்றாய். நான் என்ன சொன்னேன்? ஞாபகம் இருக்கிறதா? "மாமியார் வீட்டுக்குன்னா மோசூல் வரைக்கும் தூங்காம ஓட்டுவே. அக்கா வீட்டுக்குன்னா மட்டும் கண்ணு சொக்குதா? இப்பவே கிளம்புங்க" என்றேன். நீ சிக்னலில் நிற்கும்போதே தூங்குகிறவன் என்று எனக்குத் தெரியும். வீடு முழுக்க அதைச் சொல்லித்தானே இருபது வருஷமாகச் சிரித்தோம். தெரிந்தேதான் விரட்டினேன். பெண் பார்க்க வந்தவர்கள் வந்த துணியோடு துக்கத்துக்கு உட்கார்ந்தார்கள்.

பந்தலில் நீ இதைச் சொல்லியிருக்கலாம். "அக்காதான் அவசரப்படுத்தினாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஷாக்கிர் என்னை அந்த வீட்டில் வைத்திருக்க மாட்டார். நீ சொல்லவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வருகிறது. ஏன் என்று கேட்காதே.

சவரம் பண்ணிக்கொள். என் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதானே சத்தியம்? சபீஹா காது கேட்க என் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஷாக்கிரிடமும் நானே சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை, பேசாமல் போகட்டும்.

ஆனால் இது மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ பதினைந்து மாதமாக அரைத் தூக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறாய். தலை தொங்க உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்று. அந்த அழுகை எனக்கு வேண்டாம். மாஸ்க்கை மாட்டு. நன்றாகத் தூங்கு. மெஷின் கரண்ட் போனால் நிற்காமலிருக்க ஒரு பாட்டரி வாங்கு. தூங்கி எழுந்து, தெளிந்த தலையோடு உட்கார்ந்து, என்ன செய்தாய் என்று ஒரு நாளாவது முழுசாக யோசி. நான் முழித்துக்கொண்டு யோசிப்பது மாதிரி நீயும் யோசி.

ஃபக்ரியா

*

பஸ்ரா, ஜூலை 27

அக்கா,

சபீஹா வந்து சொன்னபோது நம்பவில்லை, உன் கடிதம் வந்த அன்றே மழித்தேன். நாவிதனைக் கூப்பிடவில்லை, நானே எடுத்தேன். தாடிக்கு அடியில் தோல் வெளுத்துப் போயிருந்தது, வேறு யாரோ ஒருத்தனுடைய முகவாய் மாதிரி. மறுநாள் இன்திஸாரிடம் போய்ப் பட்டைகளைச் சரியாகக் கட்டிக்கொண்டு வந்தேன். பாட்டரியும் வாங்கினேன்.

முதல் நாள் எழுந்தபோது சபீஹா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குறட்டைச் சத்தமே இல்லாததால் போய்விட்டேன் என்று நினைத்தாளாம். மாஸ்க்கில் காற்று வெளியே வருகிற ஓட்டையில் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்குப் பசித்தது. வெயில் அவ்வளவு பளிச்சென்று இருந்தது. கராஜில் அன்று முழுக்க நான் ஒரு தடவை கூடக் கண் அசரவில்லை. பயல்கள் ஏமாந்துபோனார்கள். நான்கு நாள் அப்படிச் சந்தோஷமாக இருந்தேன் அக்கா. மறைக்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஐந்தாம் நாள் நீ சொன்னபடி உட்கார்ந்து யோசித்தேன்.

இத்தனை நாள் அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் வரும். உன் வீட்டுக்குப் புறப்பட்டோம், உசைர் ஊர் வந்தது, அப்புறம் லாரியின் பின்பக்கம். நடுவில் ஒன்றும் இல்லை. எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நம்புவாயா? நானே நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் முதலில் என்ன வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். அப்புறம் பந்தலில் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. தலை ஒரு நாளும் தெளியாமல் இருந்ததால் மூடியது மூடியபடியே கிடந்தது. இப்போது மூட முடியவில்லை.

மச்சான் தூங்கவில்லை.

குர்னா தாண்டியதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு தடவை தொடையில் தட்டினார். உசைரில் டீக்கடை வந்தபோது, "ஓரமா நிறுத்துடா ஜாசிப். ஒரு டீ குடிப்போம், அப்புறம் நான் ஓட்டறேன்" என்றார். "அக்கா திட்டுவா மச்சான், லேட்டாயிடுச்சு" என்றேன். "உங்க அக்கா கோபம் ஒரு இஸ்திகான் கிளாஸ் டீ ஆறதுக்குள்ள ஆறிடும், எனக்குத் தெரியாதா? நிறுத்து" என்றார், சிரித்துக்கொண்டே. நான் நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டேன், காற்று பட்டால் சரியாகிவிடும் என்று. அதற்கப்புறம் அவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அதுவும் இப்போது கேட்கிறது.

அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார் அக்கா. பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஷாக்கிரிடம் சொல்வதென்றால் சொல். பைசல் மறுபடி ஆரம்பமாகும், நான் வந்து நிற்கிறேன். ஓட மாட்டேன். இதை உனக்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று பத்து நாள் பார்த்தேன். முடியவில்லை.

ஜாசிப்

*

அமாரா, ஜூலை 31

ஜாசிப்,

மூன்று நாளாகக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. ஷாக்கிரிடம் சொல்லவும் போவதில்லை. ஆண்கள் மறுபடி உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், நான் மறுபடி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கண்றாவி எனக்கு வேண்டாம்.

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அவர் தூங்கிக்கொண்டே போனார் என்பது. அதையும் எடுத்துக்கொண்டாய். நான்தான் எடு என்று எழுதினேன், தெரிகிறது. உன்னைத் தூங்கச் சொன்னேன், முழித்துக்கொள்ளச் சொன்னேன். இப்படி வரும் என்று எனக்கெப்படித் தெரியும்? நேற்று ஆபீஸில் யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். தட்டிவிட்டேன். கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

உன்னை அடிக்க வேண்டும் போலிருக்கிறது. என்னையும்.

ஆனால் ஜாசிப், அவர் பேசியதை நான்கு வரியில் எழுதியிருக்கிறாய். ராதி எதையும் நான்கு வரியில் சொல்கிற ஆள் இல்லை. உன் வீட்டிலிருந்து உசைர் வரைக்கும் இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டுதான் வந்திருப்பார். ரஜாவைப் பற்றிப் பேசியிருப்பார். என்னைத் திட்டியிருப்பார். பாட்டுக்கூடப் பாடியிருப்பார். அவ்வளவும் உன் தலைக்குள் இருக்கிறது. அவர் கடைசியாகப் பேசியது முழுக்க உன்னிடம் இருக்கிறது, எனக்கு ஒரு சொல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டியில் வருகிறேன். சபீஹாவிடம் எனக்காக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல், உங்கள் வீட்டுத் தண்ணீர்கூட எனக்கு இறங்காது. வந்து உன் எதிரே உட்காருவேன். கிளம்பினதிலிருந்து ஒன்று விடாமல் நீ சொல்ல வேண்டும், எந்த இடத்தில் எந்த வார்த்தை சொன்னார், எப்படிச் சிரித்தார், உன் பெயரை எப்படிக் கத்தினார் என்று. முந்தின நாள் மாஸ்க்கை மாட்டி நன்றாகத் தூங்கு. காலையில் சவரம் பண்ணிக்கொண்டு உட்கார். அதையெல்லாம் சொல்லும்போது உன் வாய் எனக்குத் தெரிய வேண்டும்.

ஃபக்ரியா